அந்தத் தாழ்ப்பாளை எடுங்கள், தம்பி

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு 51 வயது. அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு முழுநேர ஊழியத்துக்குப் போக வேண்டும் என்று இரண்டு வருடமாகப் பாரம். ஆனால் ஆண்டவர் தெளிவாகப் பேச மாட்டேன் என்கிறார். தினமும் காலை 4 மணிக்கு எழுந்து ஜெபிக்கிறேன். வெள்ளிக்கிழமை உபவாசம். மூன்று ஊழியக்காரர்களிடம் கேட்டேன். மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னார்கள். கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் வைத்ததில் ஆதியாகமம் 12 வந்தது: ‘உன் தகப்பனுடைய வீட்டையும் விட்டுப் போ.’ அதுதான் பதிலா? ஜெப நேரத்தில் பக்கத்து அறையிலிருந்து அம்மா ‘எய்யா, எய்யா’ என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பதால் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறேன். மனைவி பார்த்துக்கொள்வாள். தேவ சத்தத்தைக் கேட்க நான் இன்னும் என்ன செய்ய வேண்டும்?

(பெயர் வேண்டாம், தூத்துக்குடி மாவட்டம்)

பதில்: தம்பி, இன்னும் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. செய்துகொண்டிருப்பதில் ஒன்றை நிறுத்த வேண்டும். அந்தத் தாழ்ப்பாள்.

‘ஆண்டவர் என்னோடு பேசவில்லை’ என்று எத்தனையோ கடிதங்கள் வருகின்றன. காத்திருங்கள், அவருடைய வேளையில் பேசுவார் என்று பலருக்கு எழுதியிருக்கிறேன். உங்களுக்கு அப்படி எழுத மனம் வரவில்லை. வேலையைப் பற்றி, உபவாசத்தைப் பற்றி, ஊழியக்காரர்களைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டு அம்மாவுக்கு ஒரே ஒரு வரி. அந்த வரியிலும் அவர்கள் உங்கள் ஜெபத்துக்கு இடைஞ்சலாகத்தான் வருகிறார்கள்.

1 சாமுவேல் 3-ஆம் அதிகாரத்தை சண்டே ஸ்கூலிலேயே படித்திருப்பீர்கள். இன்னொரு தடவை நிதானமாகப் படியுங்கள். ராத்திரியில் ஆண்டவர் கூப்பிட்டார். அது ஆண்டவர் என்று சாமுவேல் என்ற அந்தப் பையனுக்குத் தெரியவில்லை. தன்னை வளர்த்த ஆசாரியர் ஏலி கூப்பிடுகிறார் என்று நினைத்து எழுந்து ஓடினான். ஏலிக்கு வயதாகிக் கண் மங்கிப்போயிருந்தது. கண் தெரியாத பெரியவர் ராத்திரியில் எதற்குக் கூப்பிடுவார்? தண்ணீருக்காக இருக்கும். வெளியே போகக் கை பிடிக்க ஆள் வேண்டியிருக்கும். ‘இதோ, இருக்கிறேன், என்னைக் கூப்பிட்டீரே’ என்று போய் நிற்கிறான். நான் கூப்பிடவில்லை, போய்ப் படு என்கிறார். மறுபடியும் வருகிறான். மூன்று தடவை தூக்கத்திலிருந்து எழுந்து வருகிறான், ஒரு தடவைகூட முனகவில்லை. அதற்கப்புறம்தான் கூப்பிடுவது யார் என்று ஏலிக்கே புரிகிறது. ‘கர்த்தாவே சொல்லும், அடியேன் கேட்கிறேன்’ என்று சொல்லும்படி கற்றுக்கொடுத்ததும் அந்தக் கிழவர்தான்.

அந்தப் பையன் காதில் ஆண்டவருடைய குரல் வீட்டுப் பெரியவரின் குரலாகத்தான் விழுந்தது. கிழவர் கூப்பிட்டால் கூப்பிடட்டும் என்று அவன் புரண்டு படுத்திருந்தால்? யோசித்துப் பாருங்கள்.

உங்கள் வீட்டிலும் விடிகாலையில் ஒரு குரல் கேட்கிறது. சத்தம் கேட்கவில்லை என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

‘உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி’ என்று இயேசுவே சொன்னாரே என்பீர்கள். மத்தேயு 6-இல் அதற்கு முந்தின வசனத்தைப் பாருங்கள். மனுஷர் காணும்படி வீதிச் சந்திகளில் நின்று ஜெபிக்கிறவர்களைப் பற்றிப் பேசுகிறார். தெருவுக்குத்தான் அந்தக் கதவைப் பூட்டச் சொன்னார், பெற்ற தாய்க்கு அல்ல. அம்மா அப்பாவுக்குச் செய்ய வேண்டியதைக் ‘கொர்பான்’, அதாவது தேவனுக்குக் கொடுத்தாயிற்று என்று சொல்லிக் கைகழுவினவர்களை மாற்கு 7-இல் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார்! உங்கள் 4 மணி ஜெபம் அந்தக் காணிக்கை மாதிரி ஆகிக்கொண்டிருக்கிறது.

விரல் வைத்து எடுத்த வசனத்துக்கு வருகிறேன். ஆபிரகாம் தகப்பன் வீட்டை விட்டுப் போனது உண்மை. ஆனால் ஆரானிலிருந்து கானானுக்குப் போனது ‘அவனுடைய தகப்பன் மரித்தபின்பு’ என்று ஸ்தேவான் சொல்கிறான், அப்போஸ்தலர் 7:4. விரல் அங்கே போய் விழவில்லை. தகப்பனை அடக்கம்பண்ணிவிட்டு வருகிறேன் என்றவனிடம் ‘மரித்தோர் தங்கள் மரித்தோரை அடக்கம்பண்ணட்டும்’ என்றும் ஆண்டவர் சொல்லியிருக்கிறார், எனக்கும் தெரியும். அதைச் சொன்னவர்தான் சிலுவையில் தொங்கி மூச்சுத் திணறும் வேளையிலும் சீஷனைப் பார்த்து ‘அதோ, உன் தாய்’ என்றார். அந்நேரமுதல் அந்தச் சீஷன் மரியாளைத் தன்னிடமாய் ஏற்றுக்கொண்டான்.

‘மனைவி பார்த்துக்கொள்வாள்.’ இதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. நீங்கள் 4 மணிக்கு எழுந்திருப்பது பக்தி, அவர் அதே 4 மணிக்கு எழுந்து உங்கள் அம்மாவைத் தூக்கி உட்காரவைப்பது வீட்டு வேலையா? மூன்று ஊழியக்காரர்களிடம் கேட்ட கேள்வியை அவரிடம் கேட்டீர்களா? கேட்டதாகக் கடிதத்தில் இல்லை.

நானும் இதில் தவறினவள்தான். என் மாமியார் கடைசி இரண்டு வருடம் படுக்கையில் இருந்தார்கள். ஏதாவது வேண்டுமென்றால் செம்பால் கட்டில் கம்பியில் தட்டுவார்கள். ஒரு நாள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பேசுவதற்காகக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். செம்புச் சத்தம் கேட்டது. “இதோ வாறேன் அத்தை” என்று சொல்லிவிட்டு இன்னும் இரண்டு வசனம் தேடினேன். மறுபடி சத்தம். அப்புறம் சத்தமே இல்லை. போய்ப் பார்த்தபோது சேலையும் விரிப்பும் நனைந்து, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று சங்கத்தில் நான் என்ன பேசினேன் என்பது மறந்துவிட்டது. அந்த முதுகு மறக்கவில்லை.

உங்களுக்கு ஊழியம்தானே வேண்டும்? பக்கத்து மாவட்டத்து டோனாவூரை நினையுங்கள். ஏமி கார்மைக்கேல் அம்மையார் நெல்லைச் சீமையில் ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷம் சொல்லிக்கொண்டிருந்தவர். 1901-இல் கோயிலுக்கென்று விடப்பட்ட ஒரு சிறுமி அங்கிருந்து தப்பி அவரிடம் வந்தாள். அப்புறம் குழந்தைகள் வந்துகொண்டே இருந்தார்கள். குளிப்பாட்ட வேண்டும், பால் கொடுக்க வேண்டும், ராத்திரி கண்விழிக்க வேண்டும். பிரசங்கப் பயணத்தை விட்டுவிட்டு இதைச் செய்வதா என்று அவருக்கும் கேள்வி எழுந்தது. பிள்ளைகள் தாயின் காலைக் கட்டும் என்று நம்மூரில் சொல்வதை அவரும் நினைத்துப் பார்த்திருக்கிறார். ஆண்டவர் துண்டைக் கட்டிக்கொண்டு சீஷர் கால்களைக் கழுவினதும் அவருக்கு நினைவு வந்தது. காலைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தார். 1951-இல் இறக்கும்வரை டோனாவூரில் அந்தப் பிள்ளைகளோடேயே இருந்தார்.

வழிநடத்துதல் பற்றி நான் நம்புவதைச் சொல்கிறேன். ‘உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக’ என்று ஆண்டவர் உங்களிடம் ஏற்கெனவே பேசியாயிற்று. அதற்குத் தீர்க்கதரிசி வேண்டாம், உபவாசம் வேண்டாம், விரல் வைத்துப் பார்க்கவும் வேண்டாம். அதைச் செய்யாமல் அடுத்த வார்த்தைக்கு ஏன் காத்திருக்கிறீர்கள்?

நாளைக் காலையில் வேதத்தை எடுத்துக்கொண்டு அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். மனைவி தூங்கட்டும். அம்மா கூப்பிட்டால் எழுந்திருங்கள். தண்ணீர் கொடுங்கள், விரிப்பு நனைந்திருந்தால் நீங்களே மாற்றுங்கள். மிச்ச நேரத்தில் ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். அந்தக் காலத்து மனுஷி, பாதி சங்கீதம் மனப்பாடமாகத் தெரிந்திருக்கும், கூடவே சொல்வார்கள். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, மூன்று மாதம் இப்படிச் செய்யுங்கள். அதுவரை விருப்ப ஓய்வு மனுவில் கையெழுத்துப் போட வேண்டாம்.

இன்னொன்று. அம்மா எதற்காகக் கூப்பிடுகிறார்கள் என்று கடிதத்தில் நீங்கள் எழுதவே இல்லை. தண்ணீருக்கா, வலியா, இருட்டில் பயமா? உங்களுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். கேட்டுத் தெரிந்துகொண்டு எனக்கு எழுதுங்கள். ஊழியத்தைப் பற்றி அதற்கப்புறம் பேசுவோம்.