பணிக்கு நடுவே செயற்கை நுண்ணறிவு: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: நான் கொள்முதல் பிரிவில் 18 ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். கணினித் துறை படித்தவள் அல்ல. கடந்த ஓராண்டில் செயற்கை நுண்ணறிவு பற்றிய நான்கு இணையவழி வகுப்புகளில் சேர்ந்தும் ஒன்றைக்கூட முடிக்கவில்லை. அலுவலகத்தில் இளையவர்கள் இந்தக் கருவிகளைச் சரளமாகப் பயன்படுத்துவதைப் பார்க்கும்போது கவலையாக இருக்கிறது. எனக்கு இது வராதா?

பதில்: வரும். வகுப்பைப் பாதியில் விட்டதை உங்கள் இயலாமை என்று எண்ண வேண்டாம். ஹார்வர்டு, எம்ஐடி ஆகிய இரு பல்கலைக்கழகங்களும் எட்எக்ஸ் என்னும் இணையவழிக் கல்வித் தளத்தில் நடத்திய வகுப்புகளை ஆராய்ந்து 2019இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான கட்டுரை, 2017–18இல் அவற்றில் சேர்ந்தவர்களுள் 3.13 விழுக்காட்டினரே முடித்தார்கள் என்கிறது. பணம் கட்டிச் சான்றிதழுக்கெனச் சேர்ந்தவர்களிலும் பாதிக்கும் குறைவானவர்களே கடைசிவரை சென்றார்கள். அவரவர் வசதிக்கேற்பப் படிக்கலாம் என்னும் ஏற்பாட்டில் மணி அடிப்பவரும் இல்லை, வருகை கேட்பவரும் இல்லை. நாள் முழுதும் உழைத்துவிட்டு வந்து அமர்பவருக்கு, மறுநாள் காலை வேலைக்கு உதவாத பாடம் கண்ணில் நிற்காது.

ஆகவே வேலையிலிருந்து பாடத்துக்குச் செல்லுங்கள். நீங்கள் நூறு முறை செய்து பழகிய, சரியான விடை உங்களுக்கே தெரிந்த ஒரு பணியை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் துறையில் அது விலைப்புள்ளி ஒப்பீடாக, அதாவது விற்பனையாளர்கள் எழுதித் தரும் விலைகளை ஒப்பிடுவதாக இருக்கலாம். முன்பே முடிவெடுத்துவிட்ட மூன்று பழைய விலைப்புள்ளிகளில் நிறுவனப் பெயர்களை நீக்கிவிட்டு, சாட்ஜிபிடி, ஜெமினி, கோபைலட் ஆகிய செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுள் உங்கள் அலுவலகம் அனுமதிக்கும் ஒன்றிடம் கொடுத்து, ஒப்பீட்டு அட்டவணை கேளுங்கள். அழகான அட்டவணை நொடிகளில் வரும். அதில் ஒருவர் வரியைச் சேர்த்துச் சொன்ன விலையும் இன்னொருவர் வரி நீங்கலாகச் சொன்ன விலையும் ஒரே நெடுவரிசையில் அடுத்தடுத்து நின்று, தவறானவர் குறைந்த விலைக்காரராகக் காட்டப்பட்டிருக்கலாம். கணினி வல்லுநர் ஒருவர் இதைக் கவனிக்காமல் கடந்துவிடுவார். உங்களுக்கு அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்த இடத்தில்தான் உங்கள் கல்வி தொடங்குகிறது.

அடுத்து இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “வரி, போக்குவரத்துச் செலவு, பணம் செலுத்தும் கெடு ஆகிய மூன்றையும் தனித்தனி நெடுவரிசைகளில் காட்டவும். விலைப்புள்ளியில் இல்லாத விவரத்தை ஊகித்து நிரப்பாமல் ‘குறிப்பிடப்படவில்லை’ என்று எழுதவும். எல்லாவற்றையும் ஒரே அடிப்படைக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிடவும்.” இரண்டு விடைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பிராம்ப்ட் (கருவிக்கு இடும் கட்டளை) எழுதும் கலை என்று பெரிதாகப் பேசப்படுவது பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்த உதவியாளருக்கு வேலையை விளக்கிச் சொல்வதுதான் என்பது புரியும். 18 ஆண்டுகளில் அதை எத்தனை பேருக்குச் செய்திருப்பீர்கள்!

வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு இருபது நிமிடம் போதும். ஒரு குறிப்பேட்டில் என்ன கேட்டீர்கள், எங்கே தவறியது, எப்படி மாற்றிக் கேட்டீர்கள் என்று மூன்று வரி எழுதி வையுங்கள். ஏதேனும் பாடக் காணொளி பார்த்தால், மீண்டும் ஓட்டிப் பார்ப்பதைவிட மூடிவிட்டு நினைவிலிருந்து செய்து பார்ப்பது மேல். ரோடிகர், கார்பிக்கி என்னும் உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து 42 விழுக்காட்டையும், படித்ததை நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தவர்கள் 56 விழுக்காட்டையும் நினைவில் வைத்திருந்தார்கள்.

ஒரு மாதம் இப்படிப் பழகிய பிறகு வகுப்புக்கு வாருங்கள். ஹெல்சின்கி பல்கலைக்கழகம் 2018 முதல் கட்டணமின்றி வழங்கும் ‘எலிமெண்ட்ஸ் ஆஃப் ஏஐ’ பொதுமக்களுக்கென்றே எழுதப்பட்டது. அப்போது உங்களிடம் சொந்தக் கேள்விகள் இருக்கும்; பாடம் அவற்றுக்கு விடையாக அமையும்.

கேள்வி: இதற்குக் கோடிங் தெரிந்திருக்க வேண்டுமா? சான்றிதழ் பெறுவது பயன் தருமா?

பதில்: கோடிங் வேண்டாம். சான்றிதழ் உங்களைக் கடைசிவரை படிக்க வைக்குமானால் வாங்குங்கள். ஆனால் பணி உயர்வுக்கான நேர்காணலில், “இந்த மாதாந்திர அறிக்கைக்கு முன்பு எனக்கு இவ்வளவு நேரம் ஆனது, இப்போது இவ்வளவு ஆகிறது, இந்த இடங்களை மட்டும் நான் கையால் சரிபார்க்கிறேன்” என்று காட்டுபவருக்கே என் மதிப்பெண்.

கேள்வி: நான் ஒரு பிரிவின் மேலாளர். இக்கருவிகள் தவறான தகவலையும் உறுதியான தொனியில் சொல்கின்றன. எதை நம்புவது, எதைச் சரிபார்ப்பது?

பதில்: இந்தத் தொனியைப் புரிந்துகொள்வது மிக முக்கியம். இக்கருவிகள் ஏராளமான எழுத்துகளிலிருந்து பயின்று, அடுத்து எந்தச் சொல் வரப் பொருத்தமானது என்று கணித்து வாக்கியத்தை அமைக்கின்றன. பொருத்தமாக ஒலிப்பது உண்மையாகவும் இருக்க வேண்டும் என்பதில்லை. 2023 ஜூனில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று, சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய வழக்குகளை உண்மைத் தீர்ப்புகள் போல மேற்கோள் காட்டியதற்காக வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது. அவர்களுள் ஒருவர், அவற்றுள் ஒரு வழக்கு உண்மையானதுதானா என்று கருவியிடமே கேட்டிருக்கிறார். அதுவும் ஆம் என்றிருக்கிறது. சொன்னவரையே சாட்சிக்கு அழைத்தால் அது சரிபார்ப்பு ஆகாது. மூல ஆவணத்துக்குத்தான் போக வேண்டும்.

பெயர், தேதி, தொகை, சட்டப் பிரிவு, மேற்கோள் ஆகியவற்றை எப்போதும் சரிபாருங்கள். இவற்றைவிட நுட்பமாக நழுவுவது வினைச்சொல். எங்கள் கூட்டமொன்றின் குறிப்புகளைச் சுருக்கித் தருமாறு ஒருமுறை கேட்டிருந்தேன். “அடுத்த காலாண்டில் பரிசீலிக்கலாம்” என்று நான் எழுதியிருந்தது, “அடுத்த காலாண்டில் செயல்படுத்தத் தீர்மானிக்கப்பட்டது” என்று வந்தது. எண்ணும் பெயரும் சரியாகவே இருந்தன. நாங்கள் எடுக்காத முடிவு ஒன்று மட்டும் உள்ளே நுழைந்திருந்தது. கூட்டத்தில் இருந்தவனுக்கே அது தெரியும். அதனால், தான் பங்கேற்காத கூட்டத்தின் சுருக்கத்தை இக்கருவியிடமிருந்து பெற்று அப்படியே மேலிடத்துக்கு அனுப்பும் வழக்கத்தை உங்கள் பிரிவில் அனுமதிக்காதீர்கள் என்று வலியுறுத்துகிறேன்.

போஸ்டன் கன்சல்டிங் குழுமம் என்னும் மேலாண்மை ஆலோசனை நிறுவனத்தின் 758 ஆலோசகர்களைக் கொண்டு, இத்தகைய கருவியின் பயன் பற்றி 2023இல் நடந்த ஆய்வும் இங்கே பொருந்தும். கருவியின் திறனுக்குள் அடங்கிய பணிகளை, அதைப் பயன்படுத்தியவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வேகமாக முடித்தார்கள். அந்தத் திறனுக்கு அப்பால் இருக்குமாறு திட்டமிட்டு அமைத்த ஒரு பணியிலோ, அவர்களுள் சரியான விடை கண்டவர்களின் விகிதம், கருவியின்றிச் செய்தவர்களைவிட 19 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்தது. அந்த எல்லை உங்கள் துறையில் எங்கே ஓடுகிறது என்பதை எந்த வகுப்பும் சொல்லித் தர முடியாது. மேலே சொன்ன குறிப்பேடு சில மாதங்களில் சொல்லிவிடும். பிரிவில் உள்ள ஒவ்வொருவரும் மாதம் ஒருமுறை தத்தம் குறிப்பேட்டிலிருந்து ஒரு தவறைப் பகிர்ந்துகொள்ள ஏற்பாடு செய்யுங்கள்.

கேள்வி: பழகிப் பார்ப்பதற்காக அலுவலகக் கோப்புகளை இக்கருவிகளில் பதிவேற்றலாமா?

பதில்: அலுவலக விதியைக் கேட்டறியாமல் வேண்டாம். அனுமதி இருந்தாலும் அலுவலகம் வழங்கிய கணக்கிலேயே செய்யுங்கள். இலவசத் தனிக் கணக்குகளில் நீங்கள் இடுவது கருவியை மேலும் பயிற்றுவிக்கப் பயன்படக்கூடும் என்பதால், அதை நிறுத்தும் வசதி அமைப்புகளில் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். வாடிக்கையாளர் பெயர், வங்கிக் கணக்கு எண், சம்பளம், மருத்துவ விவரம் ஆகியவற்றை நீக்கிவிட்டு ‘நிறுவனம் அ’, ‘ஊழியர் ஆ’ என்று மாற்றிக் கொடுத்தாலும் பயிற்சிக்குக் குறைவு வராது.