நான்கு வார மாதம்

கேள்வி: பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். வெளியே அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். வாடகை போக மீதியை வாரத்துக்கு இவ்வளவு என்று நான்காகப் பிரித்துத்தான் செலவழிக்கிறேன். அப்படியும் மாதக் கடைசியில் கை வறண்டுவிடுகிறது. எந்தச் செலவைக் குறைப்பது?

பதில்: செலவு கிடக்கட்டும். 'நான்காக' என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே, ஓட்டை அங்கேதான். நான்கு வாரம் என்றால் 28 நாள். அப்படி அளவாக முடிகிற மாதம் பிப்ரவரி ஒன்றுதான். அதுவும் லீப் ஆண்டில் முரண்டு பிடிக்கும். 12 மாதத்தையும் நான்கு நான்காக வெட்டினால் 48 வாரம், 336 நாள். பாக்கி 29 நாளுக்கு நீங்கள் காசே ஒதுக்கவில்லை. வரவே இல்லாத பதின்மூன்றாம் மாதம் ஒன்றை இரண்டு நாள், மூன்று நாளாகத் தவணையில் கழித்துக்கொண்டிருக்கிறீர்கள்!

சிக்கன வகுப்பு எடுப்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்குச் சந்தேகமெல்லாம் உங்கள் ஒழுக்கத்தின் மேல்தான், வகுத்தலின் மேல் இல்லை. அவர்களோடு இந்தப் பக்கத்துக்குப் பழைய பஞ்சாயத்து உண்டு.

மீதியை 31-ஆல் வகுத்து 7-ஆல் பெருக்குங்கள். கையில் 3,100 இருந்தால் வாரத்துக்கு 700. நீங்கள் எடுப்பது 775. அந்த 75 நான்கு முறை போனால் 300, அதாவது கடைசி மூன்று நாள். மொத்தப் பணம் ஒரு கணக்கில் தூங்கட்டும். வாரப் பணம் மட்டும் இன்னொன்றுக்குத் திங்கட்கிழமை தானாக மாறும்படி வையுங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம். சனி ஞாயிறு தின்றது போக மிஞ்சியதில் ஐந்து நாள் ஓட்ட வேண்டியிருக்கும்.

தேர்வுக் கட்டணம், ஊருக்குப் போகும் பயணச்சீட்டு போன்றவற்றை, அவை வரும்வரை உள்ள மாதங்களால் வகுத்து, வாடகையோடு சேர்த்து முதலிலேயே கழித்துவிடுங்கள். உதவித்தொகை பருவத்துக்கு ஒருமுறை வருகிறதென்றால், அடுத்தது வரவேண்டிய தேதிக்கும் மூன்று வாரம் தள்ளிக் கணக்கிட்டுப் பிரியுங்கள். அது சொன்ன தேதியில் வரும் என்று நம்புவது பக்தி, கணக்கு அல்ல.

நாட்களை எண்ணுவதில் வெள்ளைக்காரன் கெட்டிக்காரன். 1752-ல் பிரிட்டன் நாட்காட்டியைத் திருத்தியபோது செப்டம்பர் 2-க்கு மறுநாள் 14 ஆனது. 11 நாள் காணாமல் போனதைச் சாக்கிட்டு எவனும் வாடகையை முந்தி வசூலித்துவிடக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். வரி அதிகாரிகளும் தங்கள் நாட்களை விட்டுக்கொடுக்கவில்லை. அந்த 11 நாள் கணக்கால்தான் அங்கே வரி ஆண்டு இன்றும் ஏப்ரல் 6 என்ற விநோதத் தேதியில் பிறக்கிறது.

அந்த நியாயப்படி பிப்ரவரிக்கு மூன்று நாள் வாடகை குறைய வேண்டும். உங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வந்தது என்று அவசியம் எழுதுங்கள். புது முகவரியிலிருந்து எழுதினாலும் பரவாயில்லை.