‘ஆறு ஆண்டு’ என்ற ஒரு வரியால் காப்பீடு மறுக்கலாமா?

கேள்வி: பாலக்கோடு அருகே தக்காளி விவசாயம் செய்கிறேன். ஓசூரில் வேலை பார்க்கும் என் மகனுக்கு (24) 2023 மார்ச்சில் மருத்துவக் காப்பீடு எடுத்தோம். 2025 ஜனவரியில் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் உண்டாக்கும் நோய்) என்று கண்டுபிடித்தார்கள். மருந்துக்கு அடங்காமல் போகவே, ஜூனில் பெருங்குடலை அகற்றி வயிற்றில் மலம் சேரும் பை வைத்திருக்கிறார்கள். ஆறு மாதமாகத் தொந்தரவு என்றுதான் மருத்துவமனையில் சொன்னோம். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘ஆறு ஆண்டு’ என்று இருக்கிறது. முன்பே இருந்த நோய் என்று நிறுவனம் பணம் தர மறுக்கிறது.

பதில்: ஐயா, அந்த வரியை அடித்துத் திருத்தித் தரும்படி மட்டும் மருத்துவமனையில் கேட்காதீர்கள். திருத்திய தாள் உங்களுக்கே எதிராகத் திரும்பும். நோய் எப்போது கண்டறியப்பட்டது, ‘ஆறு ஆண்டு’ எப்படிப் பதிவானது என்று மருத்துவரிடம் தேதியிட்ட தனிக் கடிதம் வாங்குங்கள். கேஸ் ஷீட் (மருத்துவமனையின் சிகிச்சைப் பதிவேடு) முழுவதன் நகலையும் எழுதிக் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கிறது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. சேர்த்த அன்று எழுதிய பக்கத்தை முதலில் பாருங்கள்.

பாலிசிக்கு முன்பே ஒரு மருத்துவர் நோயைக் கண்டறிந்திருக்க வேண்டும், அல்லது சிகிச்சை சொல்லியிருக்க வேண்டும். அதுதான் முன்பே இருந்த நோய். ரத்தம் போவதைப் பார்த்து மூல நோய் என்று வீட்டிலேயே முடிவுகட்டி மருந்து சாப்பிட்டிருந்தாலும், அது நோயறிதல் ஆகாது. நீங்கள் நோயை மறைத்தீர்கள் என்று நிறுவனம் சொன்னால், அதை நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. உங்கள் பலம் 2025 ஜனவரி கொலோனோஸ்கோப்பி (குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது), பயாப்சி (திசுப் பரிசோதனை) அறிக்கைகள். ஆனால் 2023-க்கு முன் எந்த மருத்துவரிடமாவது இதற்காகக் காட்டிய சீட்டு இருந்தால் வழக்கறிஞரிடம் மறைக்காதீர்கள். வழக்கின் போக்கே மாறிவிடும்.

முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது மறுபடியும் மறுப்பு என்றால், ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டாம். அது சரிவராவிட்டால் தர்மபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையம். அங்கே இரண்டு ஆண்டு அவகாசம். இரண்டிலும் ஒரே நேரத்தில் மனுப் போடாதீர்கள்.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. சிறுகுடலை மடித்து உள்ளே பை அமைத்து ஆசனவாயோடு இணைக்கும் அறுவை சிகிச்சை மகனுக்கு இனிமேல் வரலாம். கோபத்தில் பிரீமியம் கட்டாமல் விட்டுவிட்டால், அடுத்து எடுக்கும் பாலிசியில் இது உண்மையிலேயே முன்பே இருந்த நோயாகிவிடும். மூன்று ஆண்டு வரை காத்திருக்க நேரும். கிளைம் கேட்டதற்காகப் புதுப்பிக்க மறுக்க நிறுவனத்துக்கு உரிமை இல்லை. மார்ச் தவணையைத் தவறாமல் கட்டி, ரசீதை இந்த ஆவணங்களோடு சேர்த்து வையுங்கள்.