கியூப் போடாமல் மரக்கறி சூப்பை ருசியாகச் செய்வது எப்படி?

கரட், லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்கு எல்லாம் போட்டு ஒரு மணித்தியாலம் அவித்தும் சூப் சப்பென்றுதான் வருகிறது, சூப் கியூப் போட்டால் மட்டும் வாயில் வைக்கலாம், அது இல்லாமல் வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் உண்டு. நீங்கள் போடுகிற மரக்கறியில் ஒரு குறையும் இல்லை, தண்ணீரைத்தான் முதலில் ஊற்றிவிடுகிறீர்கள்.

நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். அம்மாவுக்கு டெங்கு வந்து மாறின நேரம், வாய் கசப்பு, சோறு இறங்கவில்லை, அவர் சுத்த சைவம் என்பதால் கோழி சூப்புக்கும் இடமில்லை. வெள்ளவத்தைச் சந்தையில் பார்த்துப் பார்த்து நல்ல மரக்கறியாக வாங்கி வந்து மூன்று நாள் அவித்து வடித்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "பிள்ளை, மரக்கறி கழுவின தண்ணியைச் சுடவைச்ச மாதிரிக் கிடக்கு" என்றார். வாங்கிக் குடித்துப் பார்த்தேன். உண்மைதான்.

அன்று மத்தியானம் பருப்புக்குத் தாளிக்கும்போதுதான் யோசனை வந்தது. வெறும் பருப்பை அவித்து அப்படியே யாரும் பரிமாறுவதில்லையே, வெங்காயமும் செத்தல் மிளகாயும் கறிவேப்பிலையும் எண்ணெயில் வதங்கி விழுந்த பிறகுதானே அது கறி, அப்படியிருக்க சூப்புக்கு மட்டும் ஏன் எல்லாவற்றையும் பச்சையாகத் தண்ணீரில் போடுகிறேன்?

காரணம் சிக்கலானதில்லை. கொழும்பில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும், அதற்கு மேல் சூடேறாது. (நுவரெலியாவில் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும், அதனால்தான் அங்கே பருப்பு அவிய நேரம் எடுக்கிறது.) வெங்காயம் சிவந்து வரும்போது எழும்புகிற அந்த வாசத்துக்கு ஏறக்குறைய 140 பாகை வேண்டும். ஆகவே தண்ணீருக்குள் எத்தனை மணித்தியாலம் கிடந்தாலும் வெங்காயம் சிவக்காது, மெதுவாகிக் கரையும், அவ்வளவுதான். அதோடு உள்ளி, மிளகு, கறுவா இவற்றின் வாசம் தண்ணீரைவிட எண்ணெயிலும் பட்டரிலும்தான் நன்றாக இறங்கும்.

நாலு பேருக்கு நான் செய்கிற அளவைச் சொல்கிறேன். பெரிய வெங்காயம் 1, லீக்ஸ் 1, கரட் 2, உருளைக்கிழங்கு 1, தக்காளி 2, உள்ளி 5 பல்லு, மைசூர் பருப்பு 2 மேசைக்கரண்டி, தண்ணீர் ஒரு லீற்றருக்குக் கொஞ்சம் கூட. லீக்ஸை நெடுக்காகப் பிளந்து இதழ் இதழாக விரித்து ஒரு பேசின் தண்ணீரில் அலசுங்கள், மலைநாட்டு மண் அந்த மடிப்புகளுக்குள்தான் ஒளிந்திருக்கும், குழாயடியில் மேலால் கழுவினால் போகாது, பிறகு சூப்பில் பல்லில் கடிபடும்.

அடி தடித்த சட்டி ஒன்றில் 2 மேசைக்கரண்டி பட்டரோ நல்லெண்ணெயோ விட்டு, வெங்காயத்தையும் லீக்ஸையும் ஒரு சிட்டிகை உப்போடு போட்டு நடுத்தரச் சூட்டில் வதக்குங்கள். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள், பதினைந்து இருபது நிமிடம் பிடிக்கும். முதலில் ஈரம் விட்டுப் புஸ்ஸென்று ஆவி போகும், பிறகு சத்தம் அடங்கும், கொஞ்சத்தில் படபடவென்று வேறொரு சத்தம் கேட்கும், அப்போதுதான் தண்ணீர் வற்றிச் சிவக்கத் தொடங்குகிறது என்று அர்த்தம். சட்டியின் அடியில் மெல்லிய மண்ணிறப் படை ஒன்று பிடிக்கும். கருகுகிறதோ என்று பயந்து இறக்கிவிடாதீர்கள், சூப்பின் ருசியில் பாதி அதுதான். அரைக் கோப்பை தண்ணீர் தெளித்து மரக்கரண்டியால் சுரண்டினால் அத்தனையும் கரைந்து வெங்காயத்தோடு சேரும். அடி கறுத்துக் கசப்பு மணம் வந்தால் மட்டும் கழுவிவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள், அதை மறைக்க வழியில்லை.

அப்புறம் உள்ளி, ஒரு சிறு துண்டு கறுவா, பிறகு தக்காளி. தக்காளி கூழாகி எண்ணெய் ஓரத்தில் பிரியும் வரை விடுங்கள். கரட்டையும் கிழங்கையும் போட்டு ஐந்து நிமிடம் பிரட்டி, பருப்பையும் சேர்த்து, தண்ணீரை இப்போதுதான் ஊற்ற வேண்டும். மூடி அரை மணித்தியாலம் மெல்லிய நெருப்பில் விட்டால் போதும்.

கியூபில் பெரும்பகுதி உப்பு, மிச்சத்தில் நாக்குக்குப் பிடித்த அந்த நிறைவைத் தருவது குளுட்டமேட். 1908இல் ஜப்பானிய விஞ்ஞானி கிகுனே இகேடா கொம்பு என்ற கடற்பாசியில் காய்ச்சிய சாற்றிலிருந்து பிரித்தெடுத்தது அதைத்தான். பழுத்த தக்காளியில் அது இயல்பாகவே இருக்கிறது, காளானிலும் இருக்கிறது. நம் வீடுகளில் எப்போதும் இருக்கிற மார்மைட்டிலும் நிறைய உண்டு, காய்ச்சல்காரருக்குச் சுடுதண்ணீரில் கரைத்துத் தேசிப்புளி விட்டுக் கொடுப்போமே, அதே மார்மைட். ஒரு சட்டி சூப்புக்கு அரைத் தேக்கரண்டி கரையுங்கள், மார்மைட் மணம் தெரியாது, ஆனால் சூப்புக்கு ஒரு கனம் வந்துவிடும். அது உப்புக் கூடினது, ஆகவே உப்பை அதற்குப் பிறகு பாருங்கள்.

உப்பைப் பற்றி ஒரு சொல். சப்பென்று இருக்கிற சூப்புகளில் அனேகமானவற்றுக்கு உப்புத்தான் போதாமல் இருக்கும். லீற்றருக்கு ஒரு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் மேலே தேவைப்படும், ஒரேயடியாகக் கொட்டாமல் கால் காலாகப் போட்டு ருசி பாருங்கள். அதற்குப் பிறகும் ஏதோ குறைகிறது என்று தோன்றினால் அது புளிப்பு. இறக்கின பிறகு அரைத் தேசிக்காய் பிழியுங்கள், கொதிக்கும்போது விட்டால் வாசம் போய்விடும். மிளகும் அப்படியே, கடைசியில் இடித்துத் தூவுங்கள்.

லீக்ஸின் பச்சை நுனி, கரட் தோல், செலரித் தண்டு, காளான் காம்பு எதையும் எறியாதீர்கள். ஒரு பையில் போட்டு பிரீசரில் சேர்த்து வைத்து, நிறைந்ததும் நாற்பது நிமிடம் அவித்து வடித்தால் தண்ணீருக்குப் பதிலாக ஊற்றலாம். கோவாவை மட்டும் அதில் சேர்க்க வேண்டாம். நீண்ட நேரம் அவிந்தால் கந்தக மணம் வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும். சூப்பிலும் கோவாவைக் கடைசிப் பத்து நிமிடத்தில் போட்டால் போதும்.

பூசணிக்காய் சூப் என்றால் துண்டுகளை எண்ணெய் பூசித் தாச்சியில் ஓரம் கருஞ்சிவப்பாகும் வரை பிரட்டி எடுத்து, பிறகு அவித்து அரைத்து, தேங்காயின் முதற்பாலை இறக்குவதற்குச் சற்று முன் விட்டுக் கலக்குங்கள். பால் விட்ட பிறகு தளதளவென்று கொதிக்க விட்டால் திரிந்துவிடும். அம்மாவுக்கு இப்போது இதுதான் விருப்பம், இஞ்சி கொஞ்சம் கூடப் போடச் சொல்லுவார்.

தொட்டுக்கொள்ளப் பாண் வேண்டுமென்றால், பின்னேரம் பேக்கரியில் சூடாக இறங்குகிற ரோஸ் பாணைப் பார்த்து வாங்குங்கள். காலையில் வாங்கின பாண் என்றால் அந்தத் தாச்சியிலேயே பட்டர் பூசி இரண்டு பக்கமும் வாட்டி எடுங்கள்.