ஆட்டிசமும் அம்மா மேல் போடும் பழியும்

ஐயா, தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு நான்கு வயது. ஆட்டிசம் என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நான் எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு வேலைக்குப் போய் அவனைச் சரியாகக் கவனிக்காததால்தான் இப்படி ஆயிற்று என்கிறார் மாமியார். மூத்தவள் நன்றாகப் படிக்கிறாள். ஒரு தெரபி சென்டரில், தடுப்பூசியால் வந்தது, இனி எந்த ஊசியும் போடாதீர்கள், உடம்பில் சேர்ந்த உலோகத்தை மருந்து கொடுத்து எடுத்துவிடலாம் என்கிறார்கள். பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளரே சொல்லியிருக்கிறாராம். அவரை நம்பலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமியாருக்குச் சொல்ல வேண்டிய பதில் ரிம்லாண்டிடமே இருக்கிறது. சென்டர்காரர்கள் சொல்லும் விஷயத்தில் மட்டும் அவரை நம்பாதீர்கள்.

ரிம்லாண்ட் அமெரிக்கக் கடற்படையில் வேலை பார்த்த உளவியலாளர். ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் சோதனைகளோடு சம்பந்தப்பட்ட வேலை. ஆட்டிசம் என்ற பெயர்கூட அப்போது அவருக்குத் தெரியாது. 1956ல் பிறந்த மகன் மார்க் ஓயாமல் அழுதான், யாரோடும் ஒட்டவில்லை. கல்லூரியில் படித்த பாடப்புத்தகம் ஒன்றில் இப்படிப்பட்ட குழந்தையைப் பற்றி வந்ததை அவர் மனைவிதான் நினைவுபடுத்தினார். ஆட்டிசம் தாய்க்குப் பாசம் இல்லாததால் வருவது என்றே அன்று பெரிய மருத்துவர்களும் நம்பினார்கள். ரிம்லாண்ட் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் தேடிப் படித்தார். அந்த நம்பிக்கைக்கு ஆதாரமே இல்லை என்று தெரிந்தது. ஆட்டிசம் பிறவியிலேயே மூளை சார்ந்தது என்று 1964ல் புத்தகமாக எழுதினார். 1943ல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதி ஆட்டிசத்தை விவரித்த லியோ கேனரே அதற்கு முன்னுரை கொடுத்தார்.

அதில் அவர் வைத்த வாதங்களில் ஒன்று உங்கள் வீட்டுக்கே பொருந்தும். இந்தப் பெற்றோருக்கு மற்ற பிள்ளைகள் சாதாரணமாகத்தானே வளர்கிறார்கள்? உங்கள் மூத்தவளையும் வளர்த்தது நீங்கள்தான். மாமியாரிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

இனி அடுத்தது. அதே ரிம்லாண்ட் பிற்காலத்தில் அதிக அளவு வைட்டமின்களையும், தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்ற கருத்தையும் தூக்கிப் பிடித்தார். பெற்றோர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டவர் அவர், அது பெரிய குணம். ஆனால் கேட்டதைச் சோதித்தும் பார்க்க வேண்டும். இரண்டாவது தட்டம்மை ஊசி போடுவது பதினாறு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள். பேச்சு வரவில்லை, பெயர் சொன்னால் திரும்பவில்லை என்று நாம் கவனிப்பதும் அதே வயதில்தான். அதனால் ஒன்றால்தான் மற்றது வந்தது என்று தோன்றிவிடுகிறது. டென்மார்க்கில் ஐந்து லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளை ஆராய்ந்து 2002ல் வெளியிட்டார்கள். தட்டம்மைத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பே தெரியவில்லை.

உலோகம் எடுக்கும் மருந்து வேண்டவே வேண்டாம். 2005ல் அமெரிக்காவில் அந்தச் சிகிச்சையின்போது ஐந்து வயதுப் பையன் ஒருவன் இறந்தே போனான். எவ்வளவு கெஞ்சினாலும் சம்மதிக்காதீர்கள்.

உங்கள் மகனுக்கு ஐந்து வயது முடிந்ததும் டிபிடி பூஸ்டர் (தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னிக்கான ஊசியின் மறுதவணை) இருக்கிறது. மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம், போட்டுவிடுங்கள். கையில் இருக்கும் பணம் பேச்சுப் பயிற்சிக்கும் அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கும் போகட்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் மாற்றுத்திறன் பட்டியலில் இருக்கிறது, அதனால் மாற்றுத்திறனாளிகளுக்கான யுடிஐடி அடையாள அட்டைக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிறுவனம் இருக்கிறது. தண்டையார்பேட்டையிலிருந்து போய்வர ஒரு நாள் முழுக்கப் பிடிக்கும், தெரியும். ஒரு முறையாவது போய்ப் பாருங்கள், வீட்டிலேயே என்ன பயிற்சி கொடுக்கலாம் என்று கேட்டு வாருங்கள். முடிந்தால் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளையோடு இருப்பவர் அவர்தானே?