மணி பிளான்ட் கொடியை வெட்டினால் அடர்த்தியாக வளருமா?

‘கொடி ஜன்னலைச் சுற்றி நீளமாக ஓடுகிறது, தொட்டிப் பக்கம் ஓர் இலைகூட இல்லை, வெட்டினால் தப்பா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வெட்டலாம். ஆனால் வெட்டியதைத் திரும்ப அதே தொட்டியிலேயே நட வேண்டும். ‘கத்தரித்துவிடுங்கள், புதர் மாதிரி வரும்’ என்று சொல்பவர்கள் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்.

உங்கள் கேள்வியைப் பார்த்தால் செடியைப் பற்றிய பயமாகத் தெரியவில்லை. வீட்டில் பெரியவர் யாரோ ‘பணக்கொடியில் கத்தி வைக்காதே’ என்றிருப்பார். எங்கள் வீட்டிலும் அதே பஞ்சாயத்துதான் நடந்தது. மதுரை திருநகரில் மாடிப் போர்ஷனில் இருக்கிறோம். நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே அந்தக் கொடி அத்தையின் சொத்து. டிவிக்கு மேலே ஏறி, ஜன்னல் கம்பியைச் சுற்றி, கதவு நிலை வரை போயிருந்தது. நுனியில் மட்டும் நாலைந்து பச்சை இலை. தொட்டியிலிருந்து அதுவரைக்கும் காய்ந்த கயிறு மாதிரி வெறும் தண்டு. வருகிறவர்களிடம் ‘எவ்வளவு தூரம் ஓடியிருக்கு பாருங்க’ என்று காட்டுவார். எனக்கோ பார்க்கும்போதெல்லாம் கை பரபரக்கும்.

காரணம் உண்டு. என் அப்பாவுக்குத் திருமங்கலம் பக்கம் மல்லிகைத் தோட்டம். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே மதுரை மல்லிதான். நவம்பர் கடைசியில் கவாத்து ஆரம்பிக்கும். தரையிலிருந்து 50 செ.மீ. அளவுக்கு விட்டுவிட்டு மீதியை எல்லாம் வெட்டித் தள்ளுவார்கள். தோட்டமே மொட்டையாக நிற்கும். அப்புறம் வரும் புதுத் தளிரில்தான் பூ. வெட்டாத செடி குச்சி குச்சியாக வளர்ந்து பூவைக் குறைத்துவிடும். அதைப் பார்த்து வளர்ந்தவளுக்குக் கத்தரிக்கோலைக் கண்டால் பயம் வராது.

ஆனால் மல்லிகைக் கணக்கை அப்படியே மணி பிளான்டுக்குப் போடக் கூடாது. மல்லியை ஓர் இடத்தில் வெட்டினால் கீழே பல கிளை பிரியும். மணி பிளான்டில் வெட்டிய இடத்துக்குக் கீழே உள்ள கணுவிலிருந்து பெரும்பாலும் ஒரே ஒரு தளிர்தான் வரும், எப்போதாவது இரண்டு. நுனிக் குருத்தில் ஊறும் ஆக்சின் என்ற ஹார்மோன் கீழே உள்ள மொட்டுகளை எழ விடாது. மூத்த மருமகள் அடுப்படியில் நிற்கும்வரை இளையவள் கரண்டியைத் தொட முடியாத மாதிரி. நுனி போனால் அடுத்த கணு பொறுப்பேற்கும். ஆக, ஒரு கொடியை வெட்டினால் திரும்ப ஒரு கொடிதான் கிடைக்கும். தொட்டி நிறைய வேண்டுமென்றால் வெட்டிய துண்டுகளைத்தான் நட்டாக வேண்டும்.

அத்தையைச் சம்மதிக்க வைத்ததும் இதே விஷயம்தான். “ஏம்மா, வளர்ற கொடிய வெட்டுனா வீட்டுக்கு ஆகுமா?” என்றார். “ஒண்ணும் வெளிய போகலத்தை, எல்லாம் இதே தொட்டிக்குள்ளதான் போகுது” என்றேன். யோசித்தார். செவ்வாய், வெள்ளி கூடாது என்ற நிபந்தனையோடு சரி என்றார். வாஸ்துக்காரர்கள் என்னோடு சண்டைக்கு வர வேண்டாம். நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தச் செடியின் சொந்த ஊர் தெற்குப் பசிபிக்கில் மொரேயா என்ற தீவு. நம் பழைய சாஸ்திரத்தில் இதற்கு எப்படித் திசை எழுதியிருப்பார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

வெட்டும் விதம்: தண்டைக் கிட்டத்தில் பாருங்கள். இலைக்காம்பு சேரும் இடத்துக்கு எதிரே பழுப்பு நிறத்தில் மிளகளவு ஒரு முண்டு துருத்திக்கொண்டிருக்கும். அதுதான் வேர் விடும் இடம். இலையும் அந்த முண்டும் சேரும் இடம்தான் கணு. ஒரு துண்டில் ஒரு கணுவும் ஓர் இலையும் இருந்தால் போதும். முண்டு இல்லாமல் வெறும் இலையை மட்டும் கிள்ளித் தண்ணீரில் போட்டால், பச்சையாக இருக்குமே தவிரக் கொடியாகாது. தாய்க்கொடியில் கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். கத்தரிக்கோலை ஸ்பிரிட்டில் துடைத்துக்கொள்ளுங்கள். இலையில்லாத தண்டையும் எறியாதீர்கள். மண்மேல் வளைத்துப் படுக்கவைத்து, கணு மண்ணில் படும்படி ஹேர்பின்னால் குத்திவிட்டால் அதிலிருந்தும் முளைக்கும். எங்கள் தொட்டியின் நடுப்பகுதியை நிறைத்தது அந்தத் தண்டுகள்தான்.

துண்டுகளைத் தண்ணீரில் வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் தெரியும். விரல் நீளம் வந்ததும் மண்ணுக்கு மாற்றிவிடுங்கள். ரொம்ப நாள் தண்ணீரிலேயே இருந்த வேர் மண்ணில் பிடிக்கச் சிரமப்படும். போர் தண்ணீர் வேண்டாம். எங்கள் பக்கத்து உப்புக்கு இலை நுனி கருகிவிடுகிறது. பிடித்து வைத்த மழைத்தண்ணீர் நல்லது.

நேரம்: கத்திரி வெயிலில் வெட்டாதீர்கள். எங்கள் ஊரில் ஆடியில் வெட்டினால் ஐப்பசி மழைக்குள் தொட்டி நிறைந்துவிடும். இரண்டு இலைக்கு நடுவே இடைவெளி அதிகமென்றால் வெளிச்சம் பற்றவில்லை என்று அர்த்தம். ஜன்னலோரம் மாற்றாவிட்டால் புதுக் கொடியும் அப்படியேதான் இழுத்துக்கொண்டு ஓடும். அதற்காக மேற்கு வெயிலில் வைத்துப் பொசுக்கிவிடாதீர்கள்.

ஜன்னலோரம் தொங்கவிடக் கொக்கி வேண்டுமே என்பீர்கள். வாடகை வீட்டுக்காரர்களுக்கு அது தனிச் சோகம். முன்பு இருந்த வீட்டில் ஓனர் ஒரே ஓர் ஆணிக்காக ஹால் முழுக்கப் பெயின்ட் அடிக்க அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார். அந்தச் சுவரில் நாங்கள் போவதற்கு முன்பே ஓதம் ஏறிச் சுண்ணாம்பு உதிர்ந்துகொண்டிருந்தது. அதைக் கேட்டால் ‘நீங்க செடிக்குத் தண்ணி ஊத்துனதுதான்’ என்றார். மழை பெய்தால் மொட்டைமாடியில் குளம் கட்டும் வீடு அது! எங்களிடம் எழுத்தில் எதுவும் இல்லை. வீடு மாறும் அன்றே எல்லாச் சுவரையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பி.காம். படித்தவள், தோட்டக்கலை நிபுணர் இல்லை. வேளாண் கல்லூரிக்காரர்கள் திருத்தினால் கேட்டுக்கொள்கிறேன். ‘வெட்டாமலேயே எங்கள் வீட்டில் நன்றாக வருகிறது’ என்பவர்கள் சந்தோஷமாக இருங்கள், கேள்வி உங்களுடையதில்லை.

தவழும் குழந்தையோ பூனையோ இருந்தால், வெட்டிய துண்டுகளைத் தரையில் பரப்பி வைக்காதீர்கள். இலையிலும் தண்டிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் உண்டு. கடித்தால் வாய் எரிந்து வீங்கும். சாறு பட்டால் சிலருக்குக் கை அரிக்கும், கழுவிக்கொள்ளுங்கள்.