‘மூன்றாம் நபர் தகவல்’ என்று மறுத்துவிட்டார்கள், அடுத்து என்ன?

கேள்வி: தாமிரபரணிப் பாசனத்தில் இருக்கும் எங்கள் ஊர்க் குளத்தைத் தூர்வாரி, மடையையும் சரிசெய்ததாகப் பலகை வைத்திருக்கிறார்கள். உபரி நீர் வெளியேறும் மறுகால் பக்கம் மண் மேடு அப்படியேதான் கிடக்கிறது. மதிப்பீடு, செய்த வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகம், பில் ஆகியவற்றின் நகல் கேட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் (ஆர்டிஐ) கீழ் மனு போட்டேன். ‘ஒப்பந்ததாரர் சம்பந்தப்பட்ட மூன்றாம் நபர் தகவல், வழங்க இயலாது’ என்று இரண்டு வரியில் பதில் வந்தது. திரும்பவும் மனு போடவா, கலெக்டரிடம் போகவா?

பதில்: இரண்டும் இப்போது வேண்டாம். கொக்கிரகுளத்திலுள்ள நெல்லை கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்துவிட்டு, ‘மேல்முறையீடு செய்துவிட்டேன்’ என்று காத்திருந்து காலக்கெடுவைத் தவறவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மனு வேறு, ஆர்டிஐ மேல்முறையீடு வேறு. பதில் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போய்ச் சேர வேண்டும். அதனால் அந்தத் தபால் உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அஞ்சல் முத்திரைத் தேதிதான் உங்கள் சாட்சி.

மேல்முறையீட்டைக் கேட்பவர், உங்கள் மனுவுக்குப் பதில் தந்த தகவல் அலுவலரைவிட அதே துறையில் மேல்நிலையில் உள்ள அதிகாரி. அவர் யார், எத்தனை நாளுக்குள் முறையிடலாம் என்பதை மறுப்புக் கடிதத்திலேயே எழுத வேண்டும் என்கிறது பிரிவு 7(8). உங்களுக்கு வந்த இரண்டு வரியில் அது இல்லை. அதையே மேல்முறையீட்டின் முதல் குறையாக எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் ‘முதல் மேல்முறையீட்டு அலுவலர்’ என்று குறிப்பிட்டு அந்த அலுவலக முகவரிக்கே ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்பலாம். தமிழ்நாட்டில் இதற்குக் கட்டணம் கிடையாது.

சரி, உள்ளே என்ன எழுதுவது? பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஊழல், கமிஷன் என்று பக்கம் பக்கமாகக் கோபத்தைக் கொட்டுகிறார்கள். கோபம் நியாயமானதுதான், ஆனால் மேல்முறையீட்டு அலுவலர் பார்க்க வேண்டியது மறுப்பு சரியா என்பதை மட்டும். ‘மூன்றாம் நபர்’ என்ற சொல்லே மறுக்கப் போதாது. பிரிவு 11-இன்படி, அந்த நபர் ரகசியமாகக் கொடுத்து வைத்த தகவல் என்றால் 5 நாளுக்குள் அவருக்கு நோட்டீஸ் அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டும். அவர் ஆட்சேபித்தாலும் முடிவெடுப்பது அலுவலர்தான். மதிப்பீடும் அளவுப் புத்தகமும் அரசுப் பொறியாளர்கள் தயாரித்தவை, ஒப்பந்ததாரர் கொடுத்த ரகசியம் அல்ல. நோட்டீஸ் அனுப்பினீர்களா என்று கேளுங்கள்.

அப்புறம், 8(1)(ஜே) என்ற தனிநபர் தகவல் விதியை இழுப்பார்கள். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு அந்த விதி முன்பைவிட இறுக்கமாகிவிட்டது. எனக்கு அதில் பெரிய வருத்தம் உண்டு. ஆனாலும் பொதுநலன் மேலோங்கினால் தகவல் தரலாம் என்ற பிரிவு 8(2) அப்படியே இருக்கிறது. பில்லில் வங்கிக் கணக்கு எண், கைபேசி எண் இருந்தால் அதை மறைத்துவிட்டு மீதியைத் தரட்டும், பிரிவு 10 அதற்குத்தான். மறுப்பு சரி என்று நிரூபிக்கும் பொறுப்பு, பிரிவு 19(5)-இன்படி, தகவல் அலுவலருடையது. இதை ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

30 நாளில், காரணம் எழுதினால் அதிகபட்சம் 45 நாளில், அவர் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டாலோ மறுத்தாலோ 90 நாளுக்குள் சென்னையிலுள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. பிரிவு 18-இன் கீழ் வெறும் புகாராக அனுப்பாதீர்கள். அந்த வழியில் தகவலைத் தரும்படி ஆணையம் உத்தரவிட முடியாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 19(3) என்று எழுதி, அதிலேயே பிரிவு 20-இன்படி நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதமும் கோரலாம்.

ஆணையத்தில் விசாரணைக்கு வர மாதங்கள் ஆகும். அதனால் இன்னொரு வேலையும் உண்டு. பிரிவு 2(ஜே) நடந்த வேலையை நேரில் பார்வையிடும் உரிமையையும் தருகிறது. மேல்முறையீட்டை அனுப்பிய பிறகு, அதைக் கேட்டு 10 ரூபாய் கட்டணத்தில் தனி மனு போடுங்கள். மறுகால் மேட்டையும் குளத்துத் தரையையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். ஐப்பசி மழையில் குளம் பெருகிப் பிசானப் பருவ நெல் நடவு தொடங்கிவிட்டால், எத்தனை அடி தூர்வாரினார்கள் என்று அடுத்த கோடை வரை யாராலும் அளக்க முடியாது.